பட்டியலில் இருந்தவர்களும் இல்லாதவர்களும்
பசிபிக் போரின் குடிமக்கள் முகாம்கள் குறித்து ஒரு நினைவுச் சொற்பொழிவு



யாருடைய நினைவாக நாம் இங்கே கூடியிருக்கிறோமோ அந்தத் தோழருடன் நான் முதன்முதலாகப் போன ஊரில் குடிசைகள் எரிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. சமூகவியலில் முதுகலை முடித்த கையோடு போயிருந்தேன். பையில் நானே தயாரித்த வினாநிரல் ஒன்று இருந்தது. அவர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது பிறகு ஆகட்டும் தோழர். முதலில் வீட்டுக்கு வீடு போய்ப் பெயரை எழுதுங்கள். யார் வீடு, உள்ளே என்ன இருந்தது, என்ன போயிற்று, எல்லாம் எழுதுங்கள். அதிகாரி வரும்போது அவரிடம் அவர் பட்டியல் இருக்கும். நம்மிடம் நம் பட்டியல் இருக்க வேண்டும்" என்றார்.

எழுதினோம். இரண்டு ஆண்டுகள் கழித்து இழப்பீடு வந்தபோது அந்த நோட்டில் இருந்த பெயர்களுக்குத்தான் வந்தது. நாங்கள் போன நாளில் செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் போயிருந்த நான்கு குடும்பங்களை எழுதாமல் விட்டிருந்தோம். அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வீடு எரிந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பட்டியலில் பெயர் இல்லை. அந்தத் தவறை அவர் கடைசிவரை மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

அவர் நினைவாக எதைப் பேசுவது என்று யோசித்தபோது நம் ஊரை விட்டுத் தூரமான ஒரு வரலாற்றை எடுத்துக்கொண்டேன். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலின் இரு கரைகளிலும் ஆயுதம் ஏந்தாத மக்கள் லட்சக்கணக்கில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டார்கள். அதை எப்படிச் செய்தார்கள், பாதிக்கப்பட்டவர்களில் சிலர் எப்படி ஒரு வல்லரசை மன்னிப்புக் கேட்க வைத்தார்கள், யாருக்கு அந்த மன்னிப்பு போய்ச் சேரவில்லை என்ற மூன்றையும் பார்ப்போம். மூன்றாவது கேள்வியில் நம் மக்களும் வருகிறார்கள்.

1. முகாம் என்றால் யாருக்கு?

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். போரில் பிடிபடும் சிப்பாய் போர்க்கைதி. அவரை எப்படி நடத்த வேண்டும் என்று 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை சொன்னது. ஆனால் எதிரி நாட்டவர் என்ற ஒரே காரணத்துக்காகப் பிடிக்கப்படும் ஆசிரியை, கடைக்காரர், கைக்குழந்தை ஆகியோரைக் காப்பதற்கென்று தனி உடன்படிக்கை அன்று இல்லை. அது 1949இல்தான் வந்தது. பசிபிக் போரின் முகாம்கள் முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடந்தன.

ஜப்பான் கைப்பற்றிய நாடுகளில் ஏறத்தாழ 1,30,000 மேற்கத்தியக் குடிமக்கள் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் இன்றைய இந்தோனேசியாவில் இருந்த டச்சுக்காரர்கள். மணிலாவில் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழக வளாகமே முகாமாக மாறியது. 1942 ஜனவரி முதல் 1945 பிப்ரவரி வரை ஆயிரக்கணக்கான அமெரிக்கர்களும் பிரிட்டிஷாரும் அங்கே இருந்தார்கள். சிங்கப்பூரில் சாங்கி சிறை, ஹாங்காங்கில் ஸ்டான்லி முகாம். பசியும் நோயும் அவர்களைத் தின்றன. நேற்றுவரை எஜமானர்களாக இருந்தவர்கள் அரிசிக்கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள் என்பதில் நாம் மகிழ்ச்சி அடைய ஒன்றுமில்லை. அங்கே செத்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஜாவாவில் கலப்பினத்தவரை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது, ஒருவரின் முன்னோர்களில் எத்தனை பேர் ஐரோப்பியர் என்று கணக்குப் பார்த்து ஜப்பானிய நிர்வாகம் அவர்களைப் பிரித்தது. அதே காலத்தில் கடலின் மறுகரையில் அமெரிக்க ராணுவம் ஒருவரின் உடலில் எத்தனை பங்கு ஜப்பானிய இரத்தம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றையொன்று அழிக்கப் போரிட்ட இரு அரசுகளும் இந்த விஷயத்தில் ஒரே கணக்கைப் போட்டன. மனிதரின் செயலைப் பார்க்காமல் பிறப்பைப் பார்ப்பது என்ற கணக்கு. 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டத்தைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2. ஒரு சமூகத்தின் பெயரே இல்லாத ஆணை

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 19 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். மாணவர்கள் அந்த ஆணையை ஒருமுறை தேடிப் படிக்க வேண்டும். அதில் ஜப்பானியர் என்ற சொல்லே கிடையாது. ராணுவப் பகுதிகளை அறிவித்து, அவற்றிலிருந்து எவரையும் விலக்கிவைக்க ராணுவத்துக்கு அதிகாரம் தருகிறது, அவ்வளவுதான். சட்டத்தின் மொழியில் எல்லோரும் சமம். அமல் செய்யும்போதுதான் அந்த 'எவரும்' யார் என்று தெரிந்தது. ஜெர்மானியரும் இத்தாலியரும் தனித்தனியாக விசாரிக்கப்பட்டார்கள், சில ஆயிரம் பேர் அடைக்கப்பட்டார்கள். மேற்குக் கரையின் ஜப்பானியர்கள் மட்டும் ஒட்டுமொத்தமாக அகற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 1,20,000 பேர். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள்.

மீதி ஒரு பங்கினர் ஏன் குடிமக்கள் ஆகவில்லை? அவர்கள் விரும்பாததால் அல்ல. 1790ஆம் ஆண்டிலிருந்தே குடியுரிமை வழங்கும் சட்டம் வெள்ளையருக்கானதாக இருந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஆப்பிரிக்க வம்சாவளியினர் சேர்க்கப்பட்டார்கள். ஆசியர் சேர்க்கப்படவில்லை. தக்காவோ ஒசாவா என்ற ஜப்பானியர் தொடுத்த வழக்கை 1922இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. குடிமகனாக முடியாதவர் நிலம் வாங்கக்கூடாது என்று கலிபோர்னியா 1913லேயே சட்டம் போட்டிருந்தது. முதலில் குடியுரிமையை மறுப்பது, பிறகு குடிமகன் இல்லை என்று சொல்லி நிலத்தை மறுப்பது, கடைசியில் அந்நியன் என்று சொல்லி அடைப்பது. ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குக் காரணமாகக் காட்டப்பட்டது.

ஒசாவா வழக்குக்கு மூன்று மாதம் கழித்து, 1923 பிப்ரவரியில் அதே நீதிமன்றத்தில் இன்னொரு தீர்ப்பு வந்தது. பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரின் வழக்கு. அவர் தரப்பு வைத்த வாதம் என்ன தெரியுமா? இந்தியாவின் உயர்சாதியினர் ஆரியர், சாதிக்கு வெளியே மணம் செய்யாததால் இரத்தம் கலக்காதவர்கள், அங்குள்ள பூர்வகுடிகளை அவர்கள் பார்க்கும் பார்வை அமெரிக்கர் கறுப்பரைப் பார்க்கும் பார்வைதான், ஆகவே அவரும் வெள்ளையர்தான் என்று வாதிட்டார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. வெள்ளையர் என்பது சாதாரண மனிதர் வழக்கில் புரிந்துகொள்ளும் சொல் என்று சொல்லித் தள்ளிவிட்டது. நிறவெறியின் வாசலில் நின்றுகொண்டு, என்னிடம் சாதி இருக்கிறது, என்னை உள்ளே விடு என்று கேட்ட வழக்கு அது. அந்தக் கதவு திறக்கவில்லை. ஆனால் அந்த வாதத்தை எழுதிக் கொடுக்க ஒருவருக்கும் கூச்சம் இருக்கவில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

1942க்குத் திரும்புவோம். மின்கம்பங்களில் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரும், அந்நியரும் 'அந்நியர் அல்லாதவரும்', குறித்த நாளில் குறித்த இடத்துக்கு வர வேண்டும். குடிமகன் என்ற சொல்லை எழுதினால் கேள்வி எழும். அதனால் 'அந்நியர் அல்லாதவர்' என்று எழுதினார்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் கொண்டுவரலாம். ஒரு வாரத்துக்கும் குறைவான கெடுவில் கடை, வண்டி, அறுவடைக்கு நின்ற பயிர் எல்லாம் வந்த விலைக்குப் போயின. குடும்பத்துக்கு ஓர் எண் தரப்பட்டது. அந்த எண்ணை எழுதிய அட்டையைக் குழந்தைகளின் சட்டையிலும் கட்டினார்கள். அநாதை இல்லங்களில் இருந்த பிள்ளைகளையும் விடவில்லை. மன்சானர் முகாமில் அவர்களுக்கென்றே தனி விடுதி கட்டி 101 பிள்ளைகளை வைத்திருந்தார்கள்.

முதலில் குதிரைப் பந்தய மைதானங்கள். சாந்தா அனிதா, டான்ஃபரான் போன்ற இடங்களில் குதிரை லாயங்களைக் கூட்டிச் சுண்ணாம்பு அடித்துக் குடும்பங்களைத் தங்கவைத்தார்கள். பிறகு பாலைவனங்களிலும் சதுப்பு நிலங்களிலும் பத்து முகாம்கள். தார் காகிதம் ஒட்டிய பலகைக் கொட்டகையில் குடும்பத்துக்கு ஓர் அறை. கழிப்பறைகளில் தடுப்புச் சுவர் இல்லை. இருட்டிய பிறகு போவதற்காகப் பெண்கள் அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். இந்த ஒரு செய்தியை நான் எங்கே சொன்னாலும், கேட்கும் பெண்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படுவதில்லை.

அந்த நிலங்கள் யாருடையவை? பாஸ்டன், ஹீலா ரிவர் ஆகிய இரண்டு முகாம்கள் அரிசோனாவில் அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஒதுக்கீட்டு நிலத்தில் கட்டப்பட்டன. அந்த மக்கள் எதிர்த்தார்கள். எதிர்ப்பு எடுபடவில்லை. முகாம்களை நிர்வகித்த துறையின் தலைவராக இருந்த தில்லன் மையர், போருக்குப் பிறகு 1950இல் பூர்வகுடிகள் விவகாரத்துக்கான ஆணையராக நியமிக்கப்பட்டார். ஒரு மக்களை அடைத்துவைத்த அனுபவம் இன்னொரு மக்களை ஆள்வதற்கான தகுதியாகக் கருதப்பட்டது.

3. பாதுகாப்பு என்ற காரணம்

ராணுவத் தேவை என்று அரசு சொன்னது. அது உண்மையா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஹவாய்த் தீவுகளைப் பாருங்கள். குண்டு விழுந்த இடம் அது. ஜப்பானுக்கு அருகில் இருந்த இடமும் அதுதான். அங்கே 1,50,000க்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினர் இருந்தார்கள். மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அங்கே ராணுவ ஆட்சி அறிவிக்கப்பட்டது. ஆனால் அடைக்கப்பட்டவர்கள் இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. காரணம் எளிது. அவர்கள் இல்லாமல் கரும்புத் தோட்டமும் நடக்காது, துறைமுகமும் நடக்காது.

கலிபோர்னியாவில் நிலைமை தலைகீழ். அங்கே ஜப்பானிய விவசாயிகள் காய்கறிச் சந்தையில் வெள்ளைப் பண்ணையாளர்களுக்குப் போட்டி. பண்ணையாளர் சங்கம் ஒன்றின் பொறுப்பாளர், நாங்கள் சுயநலத்துக்காகத்தான் இவர்களை வெளியேற்றச் சொல்கிறோம் என்று 1942இல் ஒரு பத்திரிகைக்கு வெளிப்படையாகவே சொன்னார். உழைப்பு தேவைப்பட்ட இடத்தில் ஆபத்து தெரியவில்லை. நிலம் தேவைப்பட்ட இடத்தில் ஆபத்து தெரிந்தது.

அகற்றுவதற்கு வழி காட்டியது எது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1940இல் எடுத்த கணக்கிலிருந்து எந்தத் தெருப் பகுதியில் எத்தனை ஜப்பானியர் என்ற பட்டியலைக் கணக்கெடுப்புத் துறை ராணுவத்துக்குக் கொடுத்தது. கணக்கெடுப்பு வேண்டும் என்று போராடுகிறவர்கள் நாம். எண்ணிக்கை இல்லாமல் உரிமை இல்லை என்று சொல்கிறவர்கள். அதில் மாற்றமில்லை. ஆனால் யார் கையில், எந்தக் காப்புறுதியோடு அந்தக் கணக்கு இருக்கிறது என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பதை இது சொல்கிறது.

4. விசுவாசத் தேர்வு

1943இன் தொடக்கத்தில் முகாம்களில் இருந்த பெரியவர்கள் எல்லோரிடமும் ஒரு படிவம் கொடுக்கப்பட்டது. அதில் 27ஆம் கேள்வி, அமெரிக்க ராணுவத்தில் போர்முனைப் பணிக்குத் தயாரா என்று கேட்டது. 28ஆம் கேள்வி, அமெரிக்காவுக்கு நிபந்தனையற்ற விசுவாசம் உறுதிகூறி ஜப்பானியப் பேரரசர் மீதான விசுவாசத்தைக் கைவிடுகிறீர்களா என்று கேட்டது.

இந்தக் கேள்விகளின் உள்ளே இருக்கும் பொறியைப் பாருங்கள். குடியுரிமை மறுக்கப்பட்ட முதியவர் 'ஆம்' என்றால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர் ஆவார். அமெரிக்காவில் பிறந்த இளைஞர் 'ஆம்' என்றால், இதுவரை பேரரசருக்கு விசுவாசமாக இருந்ததாக ஒப்புக்கொண்டது போலாகும். 'இல்லை' என்றால் துரோகி. அப்பா ஒரு பதில், மகன் ஒரு பதில் எழுதினால் குடும்பம் பிரியும். இரண்டு கேள்விக்கும் 'இல்லை' என்று எழுதியவர்கள் ட்யூல் லேக் முகாமுக்கு மாற்றப்பட்டார்கள். அங்கே கூடுதல் காவல், கூடுதல் கோபுரம், டாங்கிகள்.

இன்னொரு பக்கம், பெற்றோரை முள்வேலிக்குள் விட்டுவிட்டு இளைஞர்கள் 442ஆம் படைப்பிரிவில் சேர்ந்து இத்தாலியிலும் பிரான்சிலும் போரிட்டு மாண்டார்கள். ஹார்ட் மவுண்டன் முகாமில் வேறொரு குழு எழுந்தது. எங்கள் உரிமையைத் திருப்பித் தா, பிறகு ராணுவத்துக்கு வருகிறோம் என்றார்கள். 1944இல் அவர்களில் 63 பேருக்கு ஒரே வழக்கில் சிறைத்தண்டனை. பல ஆண்டுகள் அந்தச் சமூகம் படையில் சேர்ந்தவர்களைக் கொண்டாடியது, மறுத்தவர்களை ஒதுக்கிவைத்தது. இரண்டுமே உரிமைக்கான வழிகள்தான் என்று ஏற்றுக்கொள்ள அரை நூற்றாண்டு பிடித்தது.

ஒடுக்கியவர் தேர்வு வைப்பதும் ஒடுக்கப்பட்டவர்கள் அந்தத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்துத் தங்களுக்குள் பிரிவதும் எங்கும் நடப்பது. நம் இயக்கங்களுக்குள் யார் சமரசவாதி, யார் தீவிரவாதி என்று நாம் செலவழித்த ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். அந்தக் கேள்வித்தாளைத் தயாரித்தவர் யார் என்று கேட்டோமா?

5. ஓர் அம்மையார் கண்டெடுத்த காகிதம்

சிலர் நீதிமன்றம் போனார்கள். கோர்டன் ஹிரபயாஷி, மினோரு யசுய், ஃப்ரெட் கொரெமாட்சு மூவரும் ஆணையை மீறித் தண்டனை பெற்றவர்கள். மூவரும் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். கொரெமாட்சு வழக்கில் 1944 டிசம்பர் 18 அன்று ஆறு நீதிபதிகள் அரசின் பக்கம், மூவர் எதிர்ப்பக்கம். ராணுவத் தேவை என்று அரசு சொன்னதை நீதிமன்றம் நம்பியது. அதே நாளில் மிட்சுயே எண்டோ என்ற பெண்ணின் வழக்கில், விசுவாசமானவர் என்று அரசே ஒப்புக்கொண்ட குடிமகளை அடைத்துவைக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. அதன்பின் முகாம்கள் மெல்ல மூடப்பட்டன. திரும்பிப் போனவர்களுக்குப் பெரும்பாலும் வீடும் இல்லை, நிலமும் இல்லை.

பிறகு நீண்ட மௌனம். முகாமில் இருந்தவர்கள் பிள்ளைகளிடம்கூட அதைப் பேசவில்லை. வெட்கம் செய்தவருக்கு வர வேண்டியது, பட்டவருக்கு வந்தது. 1960களில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பார்த்து வளர்ந்த பேரப்பிள்ளைகள்தான் கேட்கத் தொடங்கினார்கள். 1980இல் நாடாளுமன்றம் ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. 1981இல் பல நகரங்களில் நடந்த அமர்வுகளில் 750க்கும் மேற்பட்டவர்கள் சாட்சியம் சொன்னார்கள். பலர் வாழ்க்கையில் முதன்முறையாக வாய் திறந்தார்கள்.

இந்த இடத்தில் ஒருவரின் பெயரைச் சொல்ல வேண்டும். ஐக்கோ ஹெர்சிக் யோஷினாகா. பதினேழு வயதில் மன்சானர் முகாமுக்குப் போனவர். வரலாற்றுப் பேராசிரியர் அல்லர், அலுவலக வேலை பார்த்து வாழ்ந்தவர். வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்த பிறகு தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நாள்தோறும் போய், தன் குடும்பத்தைப் பற்றிய காகிதங்களைத் தேடத் தொடங்கினார். அது ஆயிரக்கணக்கான பக்கங்களாக வளர்ந்தது. ஆணையமும் அவரை ஆய்வாளராகச் சேர்த்துக்கொண்டது. 1982இல் ஒரு மேசையில் கிடந்த ஒரு கட்டு அவர் கண்ணில் பட்டது. அகற்றலை நடத்திய தளபதி டிவிட்டின் இறுதி அறிக்கையின் முதல் வடிவம் அது. விசாரிக்க நேரம் இல்லாததால் எல்லோரையும் அகற்றினோம் என்று நீதிமன்றத்தில் அரசு சொல்லியிருந்தது. முதல் வடிவத்திலோ நேரம் ஒரு காரணமே இல்லை, இந்த இனத்தில் விசுவாசியைப் பிரித்தறியவே முடியாது என்று எழுதியிருந்தது. அதை மாற்றி எழுதச் செய்து, பழைய படிகளை எரித்திருந்தார்கள். ஒரு படி மட்டும் தப்பியிருந்தது.

பீட்டர் ஐரன்ஸ் என்ற சட்ட ஆய்வாளர் கண்டெடுத்த வேறு ஆவணங்களும் சேர்ந்தன. ஜப்பானியர் உளவு பார்த்ததாகச் சொன்னதை அரசின் சொந்த அமைப்புகளே மறுத்திருந்தன, அதை நீதிமன்றத்திடம் மறைத்தார்கள் என்பது வெளிப்பட்டது. 1983 நவம்பரில் கொரெமாட்சுவின் தண்டனை ரத்தானது. இனப் பாகுபாடு, போர்க்கால வெறி, அரசியல் தலைமையின் தோல்வி ஆகிய மூன்றும்தான் காரணங்கள் என்று ஆணையம் அறிக்கை தந்தது. 1988 ஆகஸ்ட் 10 அன்று மன்னிப்பும், உயிருடன் இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலரும் சட்டமாயின. ஏறத்தாழ 82,000 பேர் பெற்றார்கள். மூத்தவர்களுக்கு முதலில் கொடுத்தார்கள். அதற்குள் பலர் செத்துப்போயிருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் கனடாவும் தான் அகற்றிய சுமார் 22,000 ஜப்பானியக் கனடியர்களில் உயிரோடு இருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு இழப்பீடு அறிவித்தது.

இந்த வெற்றியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சாட்சியம், ஆவணம், வழக்கு, நாடாளுமன்றம் என்ற நான்கையும் ஒரே நேரத்தில் இழுத்த ஒரு சிறு சமூகத்தின் வெற்றி அது. இதிலிருந்து நாம் கற்க நிறைய இருக்கிறது. ஆனால் அந்த 82,000 பேரோடு கதை முடியவில்லை.

6. விளிம்பில் நின்றவர்கள்

அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் உனங்கன் என்ற பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். 1942 ஜூனில் ஜப்பான் அந்தத் தீவுகளைத் தாக்கியது. அட்டு தீவின் மக்களை ஜப்பானியர் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். சுமார் பாதிப்பேர் அங்கேயே இறந்தார்கள். மற்றத் தீவுகளின் 881 பேரை அமெரிக்க அரசு அகற்றியது. அவர்கள் எதிரிகள் அல்லர், அமெரிக்கக் குடிமக்கள். உங்களைக் காப்பாற்றத்தான் என்று சொல்லித் தென்கிழக்கு அலாஸ்காவில் கைவிடப்பட்ட மீன் பதனத் தொழிற்கூடங்களில் கொண்டுபோய் விட்டார்கள். நல்ல தண்ணீர் இல்லை, மருத்துவர் இல்லை. பத்தில் ஒருவர் இறந்தார். உனலாஸ்கா ஊரில் இருந்த வெள்ளையர்கள் போக வேண்டியதில்லை. பிரிபிலோஃப் தீவின் ஆண்களை மட்டும் 1943இல் திரும்பக் கூட்டிப்போனார்கள். எதற்கு? அரசுக்கு வருமானம் தரும் கடல்நாய்த் தோலை எடுக்க. ஆபத்தான தீவு வேலைக்கு மட்டும் ஆபத்தில்லாத தீவு ஆயிற்று. 1988ஆம் ஆண்டின் சட்டத்தில் அவர்களுக்கு 12,000 டாலர். அதே சட்டம், வேறு விலை.

லத்தீன் அமெரிக்காவில் பெரு முதலான நாடுகளிலிருந்து சுமார் 2,200 ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்கா கொண்டுவந்து டெக்சாஸில் கிரிஸ்டல் சிட்டி போன்ற இடங்களில் அடைத்தது. ஜப்பானிடம் இருக்கும் அமெரிக்கர்களுக்கு மாற்றாகக் கொடுக்கலாம் என்பது திட்டம். வழியிலேயே கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, பிறகு சட்டவிரோதமாக நுழைந்தவர்கள் என்று பதிவு செய்தார்கள். அந்தப் பதிவையே காட்டி 1988இல் இழப்பீடு இல்லை என்றார்கள். வழக்குப் போட்ட பிறகு 1998இல் 5,000 டாலர் கிடைத்தது.

பிரிட்டன் 2000ஆம் ஆண்டில், ஜப்பானிய முகாம்களில் இருந்த தன் போர்க்கைதிகளுக்கும் குடிமக்களுக்கும் தலா 10,000 பவுண்டு அறிவித்தது. பிறகு குடிமக்களுக்கு ஒரு நிபந்தனை சேர்த்தது. அவரோ பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும். ஹாங்காங்கில் பிறந்த டயானா ஏலியாஸ் பிரிட்டிஷ் குடிமகள் என்பதற்காகத்தான் ஸ்டான்லி முகாமில் அடைக்கப்பட்டார். இழப்பீடு கேட்டபோது நீ போதுமான பிரிட்டிஷ் அல்ல என்றார்கள். அடைபட மட்டும் போதுமான பிரிட்டிஷ். அவர் விடவில்லை. 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நிபந்தனை இனப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது.

7. பட்டியலே இல்லாதவர்கள்

மேலே சொன்ன எல்லோருக்கும் ஒன்று பொது. அவர்கள் பெயர் எங்கோ எழுதப்பட்டிருந்தது. அடைத்தவன் எழுதிய பட்டியல்தான். ஆனாலும் அதைக் காட்டி நான் இருந்தேன் என்று சொல்ல முடிந்தது.

அதே ஆண்டுகளில், தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பான் போட்டது. 1943 அக்டோபரில் முடிந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர் அதில் வேலை செய்தார்கள். 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களைப் போல் மூன்று மடங்குக்கும் மேலாக ஆசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். பர்மியர், ஜாவானியர், மலாயர், சீனர். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர். தஞ்சை, திருச்சி, ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும். அவர்களில் கணிசமானோர் சேரிகளிலிருந்து போனவர்கள். சில மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். ஆள் போதாதபோது வலுக்கட்டாயமாகப் பிடித்துப் போனார்கள்.

வெள்ளைக் கைதிகளுடன் அவர்களின் ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள். மறைத்து வைத்த நோட்டுகளில் இறந்தவர் பெயரும் தேதியும் புதைத்த இடமும் எழுதப்பட்டன. காலரா வந்தபோது அந்த அமைப்பு ஓரளவு காத்தது. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவரும் இல்லை, எழுத்தரும் இல்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்பதே மதிப்பீடுதான். ஒருவர் 75,000 என்கிறார், இன்னொருவர் 1,00,000 என்கிறார். இரண்டுக்கும் நடுவே இருக்கும் 25,000 பேர் எண்ணிக்கைப் பிழை அல்லர், மனிதர்கள்.

இன்று காஞ்சனபுரியில் போர்க் கல்லறை இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வெட்டிய புல், பெயர் பொறித்த பலகை. அது இருக்க வேண்டியதுதான். ஆனால் பாதையின் இருபுறமும் குழிகளில் தள்ளப்பட்ட நம் மக்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. 2000ஆம் ஆண்டின் இழப்பீட்டிலும் அவர்களுக்கு இடமில்லை. அவர்கள் போர்க்கைதியும் அல்லர், முகாம் கைதியும் அல்லர், தொழிலாளிகள் என்பது அரசுகளின் கணக்கு. மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவல் எழுதினார். தோட்டங்களில் தப்பி வந்தவர்களின் வாய்மொழி இருந்தது. அரசுகள் எழுதாததை இலக்கியமும் நினைவும்தான் தாங்கின. ஓர் இலக்கிய அரங்கில் இதைச் சொல்வதற்கு எனக்கு இதுவும் ஒரு காரணம்.

8. தியோலி

இன்னும் ஓர் ஊரைச் சொல்லி முடிக்கிறேன். பசிபிக் போர் தொடங்கியதும் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இருந்த ஜப்பானியக் குடிமக்களைப் பிரிட்டிஷார் பிடித்துக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். கடைக்காரர்கள், முடிதிருத்துபவர்கள், பெண்கள், குழந்தைகள். டெல்லியின் பழைய கோட்டைக்குள் கூடாரம் போட்டு அடைத்தார்கள். வெயிலிலும் குளிரிலும் பலர் இறந்தார்கள். பிறகு ராஜஸ்தானில் இருக்கும் தியோலி முகாமுக்கு மாற்றினார்கள். அதற்குச் சற்று முன்புவரை அதே தியோலியில் கம்யூனிஸ்டுகளும் சோசலிஸ்டுகளும் காவலில் இருந்து உண்ணாவிரதம் இருந்தார்கள்.

சுதந்திரம் வந்தது. முகாம் அங்கேயே இருந்தது. 1962இல் சீனப் போர் வந்தபோது, அசாமிலும் டார்ஜிலிங்கிலும் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளி மக்கள் சுமார் 3,000 பேரை நம் சுதந்திர அரசு ரயிலேற்றி அதே தியோலிக்கு அனுப்பியது. ஒருவர் மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. சிலர் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். திரும்பியபோது கடைகளும் வீடுகளும் ஏலம் போயிருந்தன. அமெரிக்கா கேட்டது, கனடா கேட்டது. இந்தியா இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

சாதி என்பது அடைபட்ட வர்க்கம் என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் விளக்கினார். அடைப்பதற்கு எப்போதும் முள்வேலி தேவையில்லை என்பது நமக்குத் தெரியும். முள்வேலி போடப்படும்போது, ஏற்கெனவே இருந்த சுவர் கண்ணுக்குத் தெரிகிறது. குடியுரிமை மறுப்பு, நில மறுப்பு, இரத்தக் கணக்கு எல்லாம் 1942க்கு முன்பே அங்கே இருந்தன. போர் அவற்றை உண்டாக்கவில்லை, பயன்படுத்தியது.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலிருந்து மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர்கள் உண்டா என்று கேளுங்கள். பாட்டிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தாத்தாவின் தம்பி சயாமுக்குப் போனார், வரவில்லை என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரியைப் பெயரோடு, ஊரோடு எழுதிவையுங்கள். இப்போது நம்மிடையே நடக்கும் ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒவ்வொரு வெளியேற்றத்துக்கும் அப்படியே செய்யுங்கள். ஐக்கோ அம்மையார் கண்டெடுத்தது நாற்பது ஆண்டு பழைய காகிதம். நாம் இன்று எழுதாததை நாளை எவரும் கண்டெடுக்க முடியாது.

எழுதும்போது, வேலைக்கு வெளியூர் போயிருக்கும் வீடு எது என்று அக்கம்பக்கத்தில் கட்டாயம் விசாரியுங்கள். நம் தோழர் அதன்பிறகு போன ஒவ்வோர் ஊரிலும் கேட்ட கடைசிக் கேள்வி அதுதான்: "இன்றைக்கு இங்கே இல்லாதவர் யார்?"